வேலியை நாலடி தள்ளி

என்னால் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் உட்கார முடியாது. சாப்பிடும்போது நடுவில் எழுந்து கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஜெபத்தின்போது ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்படிப்பட்டவளுக்குப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பதே உத்தியோகமாக வாய்த்தது என்றால் கடவுளுக்குக் குசும்பு ஜாஸ்தி என்றுதான் சொல்ல வேண்டும்.

பூனாவை ஒட்டிய பிம்ப்ரியில் சிறு தொழிற்சாலைக்காரர்களின் சங்கம் ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். போல்ட் செய்கிறவர்கள், ரப்பர் வாஷர் செய்கிறவர்கள், பெரிய கம்பெனிகளுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறவர்கள் எல்லாம் அதில் உறுப்பினர்கள். தண்ணீர், மின்சாரம், விற்பனை வரி, ரோடு என்று எதைத் தொட்டாலும் மாநில அரசின் உத்தரவு வேண்டும். சங்கத்து ஆண்கள் காலை ரயிலில் மும்பைக்குப் போவார்கள், செக்ரடேரியட்டில் யாரோடாவது சத்தம் போடுவார்கள், மாலை ரயிலில் வெறுங்கையோடு திரும்புவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் தலைவருக்கு மஞ்சள் காமாலை, செயலர் வீட்டில் கல்யாணம். "லெட்டரைத் தபால் வாங்குகிற இன்வர்டில் கொடுத்துவிட்டு வந்துவிடு, வேறெதுவும் பேசாதே" என்று சொல்லி என்னை அனுப்பினார்கள்.

நான் பேசத்தான் செய்தேன். பக்கத்துக் கிர்க்கியில் பிறந்து வளர்ந்தவள்; தெருவில் மராட்டிப் பிள்ளைகளோடு மண்ணில் புரண்ட மராட்டி என்னுடையது, திட்டும் வசவும் சேர்த்து வரும். அந்தப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி ஃபைல்களைக் கோக்க டேக் இல்லாமல் திணறிக்கொண்டிருந்தார். என் பையில் ஒரு கட்டு டேக் இருந்தது. உட்கார்ந்து நாற்பது ஃபைல்களைக் கோத்துக் கொடுத்தேன். பேச்சுவாக்கில் எங்கள் ஃபைலும் கைக்கு வந்தது. சாயங்காலம் உத்தரவின் நகலோடு பிம்ப்ரிக்குத் திரும்பினேன். அடுத்த வாரமே எனக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். லையசன் ஆபீசர்.

இந்த வேலையை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது. அரசாங்கத்தில் நமக்கு வேண்டியதை நமக்காகக் கேட்டு வாங்குகிற ஆள் என்றால், "அப்போ புரோக்கரா?" என்பார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். நான் யாருக்கும் கவர் கொடுத்தது கிடையாது. பூனா பிஸ்கட் கொண்டுபோவேன், தீபாவளிக்கு பாகர்வடி. மற்றபடி காத்திருப்பதுதான் வேலை. எந்த மேசையில் யார், யாருடைய மகளுக்குப் பத்தாவது பரீட்சை, யார் செவ்வாய்க்கிழமை உபவாசம் என்பதெல்லாம் ஞாபகம் இருக்க வேண்டும். அப்பா சர்ச்சில் எல்லோரிடமும் வேறு விதமாகச் சொல்வார்.

"எம் மக பம்பாய்க்குப் போயி பெஞ்சுல உக்காருவா. அவ உக்காந்தா சர்க்காருக்கே தாங்காது. ஒரே நாள்ல முடிச்சிட்டு வந்துருவா, பாத்துக்கிடுங்க."

எனக்கு மானம் போகும். "அப்பா, சும்மா இருக்கியளா" என்று முழங்கையால் இடிப்பேன்.

எனக்கென்று இரண்டு சட்டம் வைத்திருந்தேன். முதலாவது, "ஆச்சா?" என்று யாரையும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவருக்குக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய மாதிரி இருக்கும். "ஃபைல் குட்டே ஆஹே?" என்று கேட்க வேண்டும். ஃபைல் எங்கே இருக்கிறது? அதற்கு யாருக்கும் கோபம் வராது, ஏதாவது ஒரு மேசையைக் கை காட்டுவார்கள். இரண்டாவது, சங்கத்துக்காகப் போகிற அறையில் சொந்த வேலையைப் பேசக் கூடாது. ஒருமுறை பேசிவிட்டால் அதற்கப்புறம் சங்கத்தின் ஃபைலைப் பற்றிப் பேசும்போதும் இவள் தனக்காகத்தான் பேசுகிறாள் என்று முகத்தில் எழுதி ஒட்டிவிடுவார்கள். இந்த இரண்டாவது சட்டம்தான் என்னைக் கவிழ்த்தது.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது தனிக் கதை, சுவாரசியமில்லாத கதை. அம்மா எண்பதுகளின் கடைசியில் போய்விட்டாள். அவளைக் கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசையில், கடைசிக் குழியில் வைத்தோம். ஒரு பக்கம் வேறொரு குடும்பத்துக்காரர். மறுபக்கம் முள்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அரசாங்கத்தின் புறம்போக்கு, பழைய நெடுஞ்சாலை வரைக்கும் வெறும் பொட்டல்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா கல்லறைக்கு வருவார். பூ வைப்பதெல்லாம் ஒரு நிமிஷம். அப்புறம் வேலியோரமாய்ப் போய் நிற்பார். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் பெருவிரலோடு ஒட்ட வைத்து, அந்தக் கணக்கில் வேலிக்கு அந்தப் பக்கத்தைக் கண்ணாலேயே அளப்பார்.

"ஏட்டி, நாலடி. வேலிய நாலடி தள்ளி வச்சா போதும். நான் இவ பக்கத்துல படுத்துக்கிடுவேன்."

"ஏம்ப்பா, காலங்காத்தால இந்தப் பேச்சு?"

"சாவ என்ன சாயங்காலம்தான் பேசணுமா? எடத்தப் பிடிச்சு வைக்கணும்லா. ரயில்ல போறவனே முன்கூட்டிப் பிடிச்சு வைக்கான்."

கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. சபையில் ஒரு வழக்கம் உண்டு. குறிப்பிட்ட வருஷங்கள் கழிந்துவிட்டால் கணவனின் குழியிலோ மனைவியின் குழியிலோ மற்றவரையும் வைக்கலாம், கமிட்டி எழுத்தில் அனுமதிக்க வேண்டும். பல குடும்பங்கள் அப்படித்தான் செய்தன. அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுத்தாலே கத்துவார். "உசுரோட இருக்கும்போது அவளுக்கு ஒருநா ஓய்வு கெடையாது. இப்பதான் நிம்மதியா தூங்குதா. அவ மேல போயி நான் விழணுமா? பக்கத்துலதான் படுப்பேன்."

அந்தப் பொட்டலில் ஒரு துண்டைக் கல்லறைக்குச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி சபைக் கமிட்டி ஏற்கெனவே அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. பல வருஷமாக அசையவில்லை. நான் மும்பைக்குப் போய்வர ஆரம்பித்த பிறகு சபைச் செயலர் ஒரு நாள் வழி மறித்தார்.

"என்னம்மா, உங்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயம்லா. நம்ம மனுவயும் கொஞ்சம் தள்ளிவிடுங்க."

"பாக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். அட கடவுளே! இரண்டு பக்கம் நீளமான இங்கிலீஷ், அரசாங்கத்தின் பெருந்தன்மைக்குப் புகழ்ச்சி, தவறான இலாகாவின் முகவரி, அதில் "கல்லறைக்குத் தெற்கே உள்ள காலி நிலம்" என்று ஒரு வரி. சர்வே நம்பர் இல்லை. சர்வே நம்பர் இல்லாத நிலம் அரசாங்கத்தைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. புதிதாக எழுத வேண்டும், நம்பரைத் தேடிப் போட வேண்டும், சங்க வேலைக்காக நான் போகிற அந்தப் பெண் அதிகாரியின் அறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே என் இரண்டாவது சட்டம் குறுக்கே நின்றது. சங்கத்து வேலை ஒன்று முடியட்டும், அப்புறம். இன்னொன்று முடியட்டும், அப்புறம். அந்த நகல் என் கைப்பையின் உள்ளறையில் மடிந்து மடிந்து கிழிய ஆரம்பித்தது. அப்பா மட்டும் வாரம் ஒருமுறை கேட்பார்.

"நம்ம ஃபைலு எங்க இருக்கு?"

என் கேள்வியையே எனக்குத் திருப்பிப் போடுவார். "நகந்துக்கிட்டு இருக்குப்பா" என்பேன். பச்சைப் பொய்.

தொண்ணூறுகளின் முடிவில் சாகண் பக்கம் கார்த் தொழிற்சாலைகள் கிளம்பின. எங்கள் உறுப்பினர்களுக்கு ஆர்டர் கொட்டியது. லாரிகள் நெடுஞ்சாலையின் ஓரமெல்லாம் நின்றன, விபத்துகள், போலீஸ் கெடுபிடி. லாரிகள் நிற்க அரசாங்க நிலம் கேட்பது என்று சங்கம் முடிவெடுத்தது. தலைவர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், நிலம் கொடுங்கள் என்று கேட்டால் எந்த நிலம் என்பார்கள். நாமே காலி நிலத்தின் லிஸ்டைக் கொடுத்துவிடுவோம்" என்றார். நல்ல யோசனை. நான்தான் அவருக்கு முன்பு சொல்லிக் கொடுத்த யோசனை.

வருவாய்ப் பதிவேட்டின் நகல்களை வரவழைத்தேன். நெடுஞ்சாலையை ஒட்டிய, வழக்கில்லாத, ஆக்கிரமிப்பில்லாத ஐந்து நிலங்களைப் பொறுக்கினேன். சர்வே நம்பர், பரப்பளவு, நான்கெல்லை. ஒரு நிலத்தையும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்பது எங்கள் தொழிலின் திமிர். எங்களுக்கு நிலம் என்றால் தாளில் உள்ள நம்பர். பட்டியலின் முதல் நம்பரின் கீழே "வடக்கே: இடுகாடு" என்று பழைய மராட்டி மோடி எழுத்து மாதிரி கிறுக்கலில் எழுதியிருந்ததை நானே வாசித்து டைப் அடித்தேன். பிம்ப்ரிச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ இடுகாடு. அது எங்கள் அம்மா படுத்திருக்கிற இடமாக இருக்கும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா? தோன்றவில்லை. நல்ல சுத்தமான நிலம், பிரச்சினை பண்ண ஆளில்லை என்று நினைத்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

என் வாழ்க்கையில் அந்த ஃபைல் ஓடிய மாதிரி வேறெதுவும் ஓடியதில்லை. கீழிருந்து மேலே ஆறு மேசை. ஐந்தை மூன்று மாதத்தில் தாண்டியது. முதல் நம்பரை அளந்து எல்லைக்கல் நடச் சொல்லிக் கீழே உத்தரவும் போய்விட்டது. கடைசிக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சங்கத்தின் கூட்டத்தில் எனக்கு சால்வை போட்டார்கள். தலைவர் மைக்கில், "நம்முடைய மேடம் இல்லாவிட்டால் நாம் இல்லை" என்றார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும்.

அதற்குப் பத்து நாள் கழித்து, காலையில் ஆபீசுக்கு போன் வந்தது. அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். மூச்சு வாங்கியது.

"ஏட்டி! நம்ம ஃபைலு நகந்துட்டு!"

"என்னப்பா சொல்லுதிய?"

"கல்லு நட்டிருக்கானுவடி! வேலிக்கு அந்தால, வரிசையா, வெள்ளையடிச்சு. அளக்க வந்தவனுவட்ட கேட்டேன், பம்பாய்ல இருந்து ஆர்டராம். நான் சொன்னேம்லா, எம் மக பாத்துக்கிடுவான்னு! பேடா வாங்கிட்டேன். கமிட்டிக்காரனுவ வீட்டுக்கெல்லாம் போயிக் குடுத்துட்டுதான் வீட்டுக்கு வருவேன்."

"அப்பா, செத்த பொறுங்க, இப்பக் குடுக்காதிய—"

பூத்தில் வரிசை நின்றிருக்க வேண்டும், வைத்துவிட்டார். நான் தொடாத ஃபைல் எப்படி நகரும்? ரிக்‌ஷா பிடித்துக் கிர்க்கிக்கு ஓடினேன். அம்மாவின் குழிக்கு அப்பால், வேலியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் முதல் கல். சுண்ணாம்பின் மேல் சிவப்புப் பெயின்டில் சர்வே நம்பர். நான் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நம்பர். என் கையால் டைப் அடித்து, பட்டியலின் தலையில் வைத்த நம்பர். அந்தக் கல்லை ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

அன்று சாயங்காலத்துக்குள் கிர்க்கிச் சபை முழுக்கப் பேடா தின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போதகர் நன்றி ஜெபத்தில் எங்கள் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டார். சபைச் செயலர் வாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சரிசெய்துவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று என் தொழில்மூளை கணக்குப் போட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் போனேன். லோணாவளா வரைக்கும் இருக்கையில் உட்காரவில்லை, கதவோரம் நின்றேன். டேக் கோத்துக் கொடுத்த நாளிலிருந்து அந்தப் பெண் அதிகாரியை நான் தாயி என்றுதான் கூப்பிடுவேன், மராட்டியில் அக்கா. உபவாச நாளானதால் அவர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"தாயி, அந்த லாரி நிலத்தின் ஃபைல். அதில் ஒரு க்வெரி போட வேண்டும்."

"யார் எதிர்க்கிறார்கள்?"

"யாருமில்லை. நான்தான்."

அவர் கடலையைக் கீழே வைத்தார். "உனக்குக் கிறுக்கு பிடித்திருக்கிறதா? உன் ஃபைலையே நிறுத்தச் சொல்கிறாயா?"

சொன்னேன். அம்மா, வேலி, நாலடி, பேடா எல்லாம். எத்தனையோ வருஷமாகக் காத்துவந்த இரண்டாவது சட்டம் அந்த மேசையில் பொலபொலவென்று உதிர்ந்தது. அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் பேனாவைத் திறந்தார். பட்டியலின் முதல் நம்பருக்கு நேரே குறிப்பு எழுதினார். அருகில் இடுகாடு இருப்பதால் அதன் எதிர்காலத் தேவை பற்றிக் கீழிருந்து அறிக்கை பெறவும். அறிக்கை வரும்வரை ஜைஸே தே. எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். நியாயமான கேள்விதான், யாரும் குறை சொல்ல முடியாது. நானே சொல்லச் சொல்ல அவர் எழுதியது.

சங்கத்துக்கு நஷ்டமில்லை. பட்டியலின் மூன்றாவது நம்பர், சாகண் போகிற வழியில், கிடைத்தது. ஆனால் தலைவர் விடவில்லை.

"மேடம், முதல் நிலம்தான் நமக்கு வசதி. அதற்கு யார் க்வெரி போட வைத்தது? எவனோ உள்ளே வேலை செய்திருக்கிறான். கண்டுபிடியுங்கள்."

"பார்க்கிறேன் சாஹேப்" என்று சொல்லி டைரியில் குறித்துக்கொண்டேன். என்னத்தைக் குறித்தேன்? ஒரு வட்டம் போட்டேன். எனக்குச் சால்வை போட்டவருக்கு நான் செய்த துரோகம் அது, வேறு பெயரில்லை. இன்றைக்கும் அந்த சால்வையைப் போர்த்த எனக்கு மனசு வருவதில்லை.

லாரிகள் போய்விட்டன, இனி நிலம் சும்மாதான் இருக்கிறது என்று கல்லறை விண்ணப்பத்தைப் புதிதாக எழுதினேன். ஒரே பக்கம், சரியான இலாகா, சரியான சர்வே நம்பர், சபையின் தீர்மான நகல். அப்படி அழகான விண்ணப்பத்தை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதவில்லை. தாயியின் மேசையில் வைத்தேன். அவர் நம்பரைப் பார்த்தார், பழைய ஃபைலை வரவழைத்துத் திறந்தார், குறிப்பின் மேல் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார்.

ஜைஸே தே.

நிறுத்தி வைத்தது லாரிக்காரர்களை என்றுதான் நான் நினைத்திருந்தேன். நிறுத்தி வைத்தது நிலத்தை. இனி அந்த நம்பரை யார் கேட்டாலும், லாரியானாலும் கல்லறையானாலும், கீழிருந்து அறிக்கை வந்தாக வேண்டும். பத்து வருஷம் ஃபைல் தள்ளியவளுக்கு இது தெரியாதா? தெரியும். மற்றவர்களின் ஃபைலாக இருந்தால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

"நீ சொன்னாய், நான் எழுதினேன்" என்றார் தாயி, வருத்தத்தோடு. "அழிக்க என்னால் முடியாது."

"அறிக்கையை நான் வாங்கி வருகிறேன்" என்றேன்.

வாங்கி வர முடியவில்லை. அறிக்கை கேட்ட தாள் கீழே ஓர் ஆபீசுக்குப் போயிருந்தது. அந்த ஆபீசின் எல்லை மாறி இன்னோர் ஆபீசானது. இடம் மாற்றிய ஃபைல் மூட்டையில் அந்தத் தாள் போனதா, மூட்டையே போனதா என்று யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்பிரஸ் வே வந்தது, எல்லோர் கையிலும் மொபைல் வந்தது, பாணேர் பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் அடுக்குமாடிகள் முளைத்தன, தாயி ஓய்வு பெற்று நாசிக்குப் போய்விட்டார். நான் வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டு அந்த ஒற்றைத் தாளுக்காகப் படி ஏறி இறங்கினேன். "ஃபைல் குட்டே ஆஹே?" என்று கேட்டுக் கேட்டு எனக்கே அந்த வார்த்தை புளித்துவிட்டது. எரிச்சலில் பியூனிடம் கத்தினேன், ரிக்‌ஷாக்காரனிடம் கத்தினேன், அப்பா டீயில் சர்க்கரை கூடுதலாகப் போட்டுவிட்டார் என்று அவரிடம் கத்தினேன்.

அப்பாவுக்கு எண்பது நெருங்கியது. இடுப்பு வலியால் கல்லறைக்கு நடக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு பேரும் மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம்.

"கல்லு நட்டு ஆறு வருஷம் ஆச்சேட்டி. வேலிய எப்பத்தான் தள்ளுவானுவ?"

அந்த நொடியில் என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. பெரிய யோக்கியமானவளாகிவிட்டேன் என்றில்லை, அலுத்துவிட்டது. ஆதியோடந்தமாகச் சொன்னேன். பட்டியல், நம்பர், கல், க்வெரி, மூட்டை. அப்பா கையிலிருந்த பட்டாணியை உரிக்காமல் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்போ அன்னைக்கு நான் பூத்துல இருந்து போன் பண்ணும்போது, அந்தக் கல்லு லாரிக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு மத்தியானமே தெரியும்ப்பா."

"ஊரெல்லாம் பேடா குடுத்தேனேட்டி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து உள்ளே போய்விட்டார். நிலம் போனதற்கு அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஆறு வருஷமாக என்னைப் பற்றி ஊரில் பீற்றிக்கொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாக அவர் மனசில் திரும்பிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதைத் தாங்க முடியவில்லை. பதினோரு நாள் என்னிடம் பேசவில்லை. காலையில் டீயும் சாப்பாட்டு டப்பாவும் மேசையில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

பன்னிரண்டாம் நாள் டப்பாவின் கீழே ஒரு கோடு போட்ட தாள் இருந்தது. அப்பாவின் நடுங்கின கையெழுத்து. நான் மும்பைக்குக் கொண்டுபோகிற கடிதங்களைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி எழுதியிருந்தார்.

பெறுநர்: சபைக் கமிட்டி. பொருள்: என் மனைவியின் கல்லறையை, எனக்கு வேளை வரும்போது, எனக்காகத் திறக்க அனுமதி கேட்பது. கீழே நான்கு வரி. கடைசி வரி: அவளுக்கு ஆட்சேபணை இராது என்று நம்புகிறேன்.

அப்பா அடுக்களை வாசலில் நின்றிருந்தார். "சரி பாத்துக் குடு. இதெல்லாம் உனக்குத்தான் தெரியும்" என்றார்.

"அப்பா, நீங்க பக்கத்துலதான் படுப்பேன்னு…"

"அந்தச் சவத்துப் பேச்ச விடு. நீ ஓடுனது போதும்" என்றார்.

பேனாவை எடுத்தேன். வரிசை எண்ணும் கல்லறை எண்ணும் போட அவர் மறந்திருந்தார், அதைச் சேர்த்தேன். தேதியிட்டேன். கடைசி வரி விண்ணப்பத்தில் இருக்கக் கூடாத வரி. வேறு யார் எழுதியிருந்தாலும் அடித்திருப்பேன். விட்டுவிட்டேன்.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடியது. அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். கூப்பிட்டார்கள். பழைய செயலர் இல்லை, புதிதாக ஓர் இளைஞர், பாணேரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். தாளை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ளிக்கன்ட் வரலையா? நீங்க யார் சைட்ல வந்திருக்கீங்க ஆன்ட்டி?"

கை தானாகப் பைக்குள் போய் விசிட்டிங் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம். லையசன் ஆபீசர், சங்கத்தின் பெயர், பிம்ப்ரி. அவர் கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"மக" என்றேன்.

கமிட்டியின் ஏழு பேரும் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். நான் யாரிடமும் கேட்கக் கூடாதென்று வைத்திருந்த கேள்வியை அவர் தெருவிலேயே கேட்டுவிட்டார்.

"ஆச்சாட்டி?"

"ஆச்சுப்பா."

தாளை வாங்கி, கண்ணாடி இல்லாமலே தள்ளிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்பி, அவருக்குப் புரியாத தமிழில், உரக்கச் சொன்னார்.

"பாத்தேரா? நான் சொன்னேம்லா? எம் மக போனா ஒரே நாள்ல முடிச்சிட்டு வந்துருவா!"

நான் படியில் உட்கார்ந்து அழுதேன்.